ஓரம் கிழித்த சீட்டு

எங்கள் ஆபீசில் ஒன்பது வருஷமாக ஒரு பேச்சு புழக்கத்தில் இருந்தது. "மேரியைக் கேளு." பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டால் மேரியைக் கேளு. பழனியில் இருந்து லாட்ஜ்காரர் போன் போட்டுக் கத்தினால் மேரியைக் கேளு. முதலாளி ரஹ்மத்துல்லா பாய் தன் மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று குழம்பினாலும் மேரியைக் கேளு. அந்த மேரி நான்தான், முழுப்பெயர் ஜெயமேரி. அந்தப் பேச்சு என் கையை விட்டுப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொண்டுபோனவளை எனக்கு இன்றைக்கும் முழுசாகப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திண்டுக்கல்லில் சாலை ரோடு என்கிற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பழனி லாட்ஜுகளுக்கு ரூம் பதிவு செய்கிற சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். 1998-ல் பாய் அதைத் தொடங்கியபோது இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். அதற்கு முன் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில், வாரா வாரம் ஆயிரம் சம்பளச் சீட்டு அடித்துக் கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். புரோகிராம் எழுதுவதைப் புத்தகம் வைத்து நானே கற்றுக்கொண்டேன். பிறகு ஆனந்த்ராஜ் வந்தான். அவன் புரோகிராம் எழுதுவான், வாய் மட்டும் திறக்காது. அடுத்து பவுல்ராஜ். லாட்ஜ் லாட்ஜாகப் போய்ச் சாப்ட்வேரைப் போட்டு, கவுன்டரில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவான். அவன் வாய் மூடவே மூடாது. இரண்டு பேரையும் நான்தான் ஆளாக்கினேன் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வேன். அவர்களும் இல்லை என்று சொன்னதில்லை.

2007 ஜூன் மாதம் தமிழ்நிலா வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊரான எரியோட்டுப் பெண். பெங்களூரில் பெரிய கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்தவள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊரோடு திரும்பிவிட்டாள். பெங்களூர்க்காரி என்றதும், இங்கிலீஷில் அலட்டுவாள், நாம் நாலு வார்த்தை கேட்டு மட்டம் தட்டலாம் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் எரியோட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, புளிச்சோற்று டப்பாவைத் திறந்து, தொட்டுக்கொள்ள வைத்திருந்ததை நீட்டி, "அக்கா, வெஞ்சனம் எடுத்துக்கங்க" என்றாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆளை வெறுப்பது லேசான வேலை இல்லை. நான் பாடுபட்டுத்தான் வெறுத்தேன்.

வந்த இரண்டாவது வாரம் என்னிடம் கேட்டாள். "அக்கா, வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போயிருவாருல்ல, அப்பச் செத்த நேரம் எல்லாரும் சேந்து உக்காரலாமா?"

"எதுக்கு?"

"இந்த வாரம் எது நல்லா நடந்துச்சு, எது இடிச்சுச்சு, அடுத்த வாரம் எத மாத்திப் பாக்கலாம்னு பேசுறது. அம்புட்டுதான்க்கா. நான் இருந்த எடத்துல பண்ணுவோம்."

பாய் பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். வாரத்தில் அந்த நேரம் மட்டும் எங்கள் ராஜ்ஜியம். யார் வீட்டில் என்ன சண்டை, எந்த லாட்ஜ் மேனேஜர் என்ன உளறினார் என்று நான் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த நேரத்தைத்தான் அவள் கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பிரிண்டரில் அடித்து வீணான, இரண்டு ஓரமும் ஓட்டைப் பட்டை வைத்த தொடர்தாளை எடுத்து நாலாகக் கிழித்துச் சீட்டாக்கினாள். சீட்டில் தோன்றியதை எழுத வேண்டும், பெயர் போடக் கூடாது. எல்லாவற்றையும் அவள் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாகப் படிப்பாள். அதற்கு என்ன செய்யலாம் என்று எல்லோரும் பேச வேண்டும். வழி கிடைத்துவிட்டால் சீட்டைக் கழற்றிவிடுவாள். கிடைக்காவிட்டால் அது அடுத்த வாரத்துக்கும் சுவரிலேயே இருக்கும். ஒரே ஒரு சட்டம் போட்டாள். "யாருன்னு கேக்கக் கூடாது. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, அது மட்டும் போதும்."

பவுல்ராஜ் சிரித்தான். "எங்க மாதா கோயில்லகூட, சாமியார்கிட்ட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனம் வருசத்துக்கு ஒருவாட்டி போனாப் போதும்னு விட்டுட்டாங்க. நீங்க வாரா வாரமா?"

முதல் வாரம் எழுத ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு சீட்டை அவள் படித்தாள். "நான் எழுதியதை வேறு யாராவது ஒருமுறை படித்துப் பார்த்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். எப்போதும் பயந்துகொண்டேதான் கொடுக்கிறேன்." படித்ததும் ஆனந்த்ராஜ் காது சிவந்துவிட்டது. அவன்தான் என்று குழந்தைக்கும் தெரியும். நிலா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் லாட்ஜுக்குப் போக வேண்டும் என்று முடிவானது.

எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆறு வருஷம் அவன் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கூடப் போனவள் நான். பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று வந்தவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள், கொட்டிவிட்டான். கையில் இருந்த சீட்டின் ஓரப்பட்டையைக் கிழித்து விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். விரல் நுனி வெளுத்துப்போனது.

அதன் பிறகு நானும் எழுத ஆரம்பித்தேன். அவளைக் குத்துவதற்கென்றே எழுதினேன். என் எழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பிரித்து எழுதுவேன். "பேச்சு நீளுகிறது, வேலை நிற்கிறது" என்று ஒரு வாரம். அவள் அடுத்த வாரம் ஒரு அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து, நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகாது என்றாள். "பெங்களூர் வார்த்தைகள் யாருக்கும் புரியவில்லை" என்று எழுதினேன். "நியாயம்தான், எனக்கே தோணல பாருங்க" என்று தலைப்பையெல்லாம் தமிழில் மாற்றி ஒட்டினாள். "போன் அடிக்கிறது, எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்" என்று எழுதினேன். முறை வைத்து ஒருவர் போனிடம் உட்கார ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் "இத எழுதுனவங்களுக்கு ரொம்ப நன்றி" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டுவேன்.

வேலையில் குளறுபடி குறைந்தது என்பது உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பவுல்ராஜ் ஒரே லாட்ஜுக்கு மூன்று தடவை அலைவது நின்றது. ஆனந்த்ராஜ் ஜோக் சொல்ல ஆரம்பித்தான், மகா மோசமான ஜோக், எல்லோரும் சிரித்தார்கள். டீ வாங்கி வந்தால் பவுல்ராஜ் முதல் கிளாசை அவள் மேசையில் வைத்தான். நவம்பரில் ஒரு நாள் பாய் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், "அது எனக்குத் தெரியல, இருங்க, நிலாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் அவருக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் பாய் எங்களைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். பழனியில் நாங்கள் சாப்ட்வேர் போட்டிருந்த ஒரு பெரிய லாட்ஜின் முதலாளிக்கு இன்னும் பதினோரு லாட்ஜ் இருந்தது. தைப்பூசக் கூட்டத்தை எங்கள் சாப்ட்வேர் தாங்கிவிட்டால் அத்தனையும் நமக்கே என்று சொல்லிவிட்டாராம். "பூசம் முடிஞ்சதும் அம்புட்டுக்கும் ஒரு ஆளப் பொறுப்பாப் போடப் போறேன். மத்த மூணு பேரும் அவங்க சொல்றபடி" என்றார் பாய். சொல்லும்போது அவர் கண் என் பக்கம் ஒரு தடவை வந்தது, நிலா பக்கம் ஒரு தடவை போனது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது வருஷம் கட்டிக் காத்த இடத்தை ஆறு மாதக்காரி எடுத்துக்கொண்டால், அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்த மாடிப்படி ஏறுவேன்?

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு இருந்தது எனக்குத் தெரியும். உள்ளே கடிகாரத்துக்கு இருக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய்த் திரும்பினால் கம்ப்யூட்டரின் தேதி 2002 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். என் புரோகிராம் கம்ப்யூட்டர் சொல்கிற தேதியை அப்படியே நம்பும். அந்தப் பழைய தேதியில் யாரும் ரூம் எடுக்காததால் எல்லா ரூமும் காலி என்று பச்சை நிறத்தில் காட்டும். ஆடி மாதம் முதல் தடவை அப்படி ஆனபோது அங்கிருந்த மேனேஜர் என் செல்லுக்கு அடித்தார். "ஏனுங்க மேடம், எல்லா ரூமும் காலின்னு காட்டுதுங்க, ஆளுக உள்ள தூங்கிட்டு இருக்காங்க."

"பதறாதீங்க சார். கீழ வலது ஓரத்துல தேதி இருக்கு பாருங்க, அத இன்னைக்குத் தேதியா மாத்துங்க" என்றேன். இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. "நீங்க இல்லாட்டி என்னாகுமுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பேட்டரியை மாற்றச் சொல்லவில்லை. என் நம்பரை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கவுன்டரில் ஒட்டச் சொன்னேன். அதன் பிறகு நாலைந்து தடவை அடித்தார். அப்புறம் அவரே தேதியை மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். ஆபீசில் யாருக்கும் இது தெரியாது.

தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கீழே ரோட்டில் பாதயாத்திரைக்காரர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நிலா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். பழனி லாட்ஜப் பத்தி நமக்குத் தெரிஞ்சு, எங்கயும் எழுதி வைக்காத விஷயம் என்ன இருக்கு? சின்னதா இருந்தாலும் எழுதுங்க. பூசத்தன்னைக்குக் கவுன்டர்ல ஒட்டிருவோம்."

மற்றவர்கள் எழுதினார்கள். மவுஸ் வயர் லூசாக இருக்கிறது, பெயரில் புள்ளி வைத்தால் தேடும்போது வராது, இப்படி ஏழெட்டு. நான் வெறும் சீட்டை வைத்துக்கொண்டு யோசித்தேன். பூசத்தன்று கரண்ட் போகாமல் இருக்காது. போனால் எல்லாம் பச்சையாகும். எல்லோரும் திகைத்து நிற்பார்கள். அப்போது என் செல் அடிக்கும். நான் இரண்டு நிமிஷத்தில் சரி பண்ணுவேன், பாய் பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாரும் எழுதியாச்சா?" என்றாள் நிலா. என்னைத்தான் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தோணலம்மா" என்று சொல்லிச் சீட்டைக் கசக்கிப் போட்டேன்.

பூசத்தன்று காலை எட்டரைக்கே ஆபீசில் இருந்தேன். செல்லின் சத்தத்தை முழுசாக ஏற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தேன். சாப்பிடப் போகவில்லை, பாத்ரூம் போனால்கூடக் கையோடு கொண்டுபோனேன். மதியம் ஒரே ஒரு தடவை அடித்தது. வடமதுரையில் இருந்து என் தங்கச்சி, சேலை எடுக்க வரலாமா என்று கேட்டாள். வாயில் வந்தபடி திட்டி வைத்தேன். சாயங்காலம் வரை வேறு போன் இல்லை. கரண்ட் போகவில்லை போல என்று வெறுப்போடு வீட்டுக்குப் போனேன். கேட்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும், ஆனால் அன்று என் மனசில் இருந்தது ஏமாற்றம்தான்.

மறுநாள் காலை விஷயம் வந்தது. கரண்ட் போயிருக்கிறது. இருபத்து மூன்று ரூமை, உள்ளே ஆள் இருக்கும்போதே வேறு ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியில் இருந்து வந்த ஒரு குடும்பம் சாமி பார்த்துவிட்டுத் திரும்பினால், அவர்கள் ரூமில் யாரோ படுத்திருக்கிறார்கள். குழந்தையின் மருந்து இருந்த பையை எங்கோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ராத்திரி முழுக்க வராந்தாவில் தேடியிருக்கிறார்கள். மேனேஜர் சட்டையைக் கிழித்துவிட்டார்கள்.

பாய் பவுல்ராஜை உடனே பழனிக்கு அனுப்பினார். அவன் சாயங்காலம் திரும்பி வந்தான். பேசிக்கொண்டே ஏறுகிறவன், அன்று சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது. எனக்கு ஒண்ணும் தட்டுப்படல" என்றான். "கவுன்டர்ல ஒச்சம்மாள்னு ஒரு அக்கா. ரூம் கூட்டுறவங்க. பூசத்துக்கு ஆள் பத்தலைன்னு கவுன்டர்ல போட்டாங்க. நான்தான் அஞ்சு நாள் சொல்லிக்குடுத்தேன், டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. மேனேஜர் மொதலாளி வீட்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டாராம். அந்த நேரத்துல நடந்திருக்கு. இப்ப அந்தக்காவ வேலைய விட்டே அனுப்பிட்டாங்க. வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. 'பச்சையா இருந்துச்சு, குடுத்தேன். பச்சைன்னா காலின்னு நீதானப்பு சொல்லிக்குடுத்த'ன்னு என்னையக் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

மேனேஜர் திரும்பி வந்ததுமே வழக்கம்போலத் தேதியை மாற்றியிருப்பார், வாயைத் திறந்திருக்க மாட்டார். அவருக்கு அவர் வேலை முக்கியம். பவுல்ராஜ் என் பக்கம் திரும்பினான். "அந்த ஒச்சம்மா ஒங்க நம்பருக்கு ஏழு தடவ அடிச்சிருக்குக்கா, அதோட செல்லுல இருந்து. அந்தக் கூட்டத்துல டவரே கெடைக்கலையாம்."

மறுநாள் வியாழக்கிழமை பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பாத்துக்கிட்ட ஒம்பது வருசத்துல இப்படி ஒண்ணு நடக்கலையே மேரி" என்றார். "லாட்ஜ் மொதலாளி நம்ம மேல தப்பு இல்ல, அந்தப் பொம்பள தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. பதினோரு லாட்ஜும் வருது. நீயே பொறுப்பு எடுத்துக்க. திங்கக்கெழமை எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன். அந்தச் சொவத்துல ஒட்டுற வெளையாட்டெல்லாம் போதும்."

ஆறு மாதமாக நான் எதற்கு ஏங்கினேனோ அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அன்று மாலை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் முகம் தெரியாத வலைக்குப் பின்னால் இருந்து, பத்துத் தடவை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். முட்டி போட்டுச் சொன்னேன். சொல்லி முடித்து எழுந்தபோதும் ஒச்சம்மாள் லாட்ஜ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனதும் நிலா சீட்டுகளை எடுத்து வந்தாள். இரண்டு நாளாகப் புரோகிராமை வரி வரியாகப் பார்த்ததில் கண் உள்ளே போயிருந்தது. "ரூம் காலியா இல்லையான்னு காட்டுற கலர டிசம்பர்ல மாத்துனது நான்தான். எம் மேலதான் தப்போன்னு இருக்கு, ஆனா எங்கன்னு கண்டுபுடிக்க முடியல" என்றாள். "அந்தக்கா பச்சையப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க. அப்ப ஏன் பச்சையா இருந்துச்சு? யாருன்னு வேணாம். தெரிஞ்சது, தோணுனது எதுன்னாலும் எழுதுங்க."

அவள் தன்னையே போட்டு வறுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது என்பதும் நிஜம். ஆனால் ஏழு தடவை என்ற வார்த்தை மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இடது கையில் பேனாவை எடுத்தேன். "கரண்ட் போனால் அந்தக் கம்ப்யூட்டரின் தேதி 2002-க்குப் போகும். அப்போது எல்லாம் பச்சையாகும். ஒருவருக்கு இது ஆடி மாதமே தெரியும்." எழுதி, மற்ற சீட்டுகளுக்கு அடியில் சொருகிவிட்டேன்.

நிலா அதை எப்போதும் போல ஒரே குரலில் படித்தாள். படித்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் தேதியை 2002 ஆக்கி, புரோகிராமை ஓட்டினாள். திரை முழுக்கப் பச்சை. ஆனந்த்ராஜ் எழுந்து வந்து பார்த்தான். பவுல்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ஒச்சம்மாக்கா மேல தப்பே இல்ல" என்றான். "பாய்கிட்டச் சொல்லணும். ஆனா யாரு எழுதுனதுன்னு கேப்பாரே?"

"கேக்கட்டும்" என்றாள் நிலா. "சீட்டுல பேரு இல்லைல்ல? கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுவோம், அது போதும்."

நான் தப்பித்துவிட்டேன். நான் கேலி செய்த சட்டமே என்னைக் காப்பாற்றிவிட்டது. நிம்மதியாகச் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. தொடர்தாளை நாலாகக் கிழித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை இருக்கும். சுவரில் இருந்த அத்தனை சீட்டிலும் அந்தப் பட்டை அப்படியே இருந்தது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் இல்லை. மில்லில் ஆயிரக்கணக்கான சம்பளச் சீட்டுக்கு ஓரம் கிழித்த கை, எந்தக் காகிதம் கிடைத்தாலும் தானாகக் கிழித்துவிடும். என் விரலைப் பார்த்தேன். பட்டை மோதிரம் போலச் சுற்றியிருந்தது.

மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

கடைசியில் வாயே திறக்காத ஆனந்த்ராஜ்தான் சொன்னான். "மொத சீட்டுல இருந்தேக்கா."

"தெரிஞ்சுக்கிட்டே எல்லாருமா நாடகம் போட்டீங்களாடா? நான் எடது கையில எழுதி எழுதி வெரல் வீங்கி உக்காந்திருக்கேன், ஒங்களுக்கு வேடிக்கையா இருந்துச்சா?" என்று கத்தினேன். ஜவுளிக்கடைக்காரர் கீழே இருந்து எட்டிப் பார்த்திருப்பார்.

"நாடகம் இல்லக்கா" என்றாள் நிலா. தன் மேசை டிராயரில் இருந்து ஒரு கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஓரம் கிழித்த சீட்டுகள், மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி போட்டு, அதனால் என்ன மாற்றினோம் என்று எழுதியிருந்தாள். "நான் வந்ததுல இருந்து அதிகமா மாத்துனது ஒங்க சீட்ட வச்சுத்தான். நீங்க கோவத்துல எழுதுவீங்க, ஆனா ஒண்ணுகூடப் பொய் இல்ல. மத்தவங்க என் மனசு நோகும்னு எழுதாததெல்லாம் நீங்கதான் எழுதுனீங்க."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆறு மாதம் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த விஷத்தை இவள் மருந்தாக்கிக் குடித்துவிட்டு, பத்திரமாகக் கவரில் வேறு போட்டு வைத்திருக்கிறாள். ஒருத்தியை வெறுக்கக்கூட எனக்கு உருப்படியாகத் தெரியவில்லையா? கவரை அப்படியே தள்ளிவிட்டு, மாடிப்படி வாசலில் போய் நின்றேன். நிலா பின்னால் வந்து, "பாய்கிட்ட நாங்க யாருன்னு சொல்ல மாட்டோம்க்கா" என்றாள்.

"நீ ஒண்ணும் எனக்காகச் சும்மா இருக்க வேணாம். எனக்கு வாய் இருக்கு" என்றேன்.

பாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டே படியேறி வந்தார். படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி மாதப் போன், ஒட்டிய நம்பர், கசக்கிப் போட்ட சீட்டு, ஒன்று விடவில்லை. அவர் தொப்பியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். "அந்த பேட்டரி எம்புட்டும்மா?"

"முப்பது ரூவா பாய்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி, உள்ள போயி லாட்ஜ் மொதலாளிக்குப் போனப் போடு. நீயே பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். பேசினேன். தப்பு என்னுடையது, அந்த அம்மாவுடையது இல்லை என்று சொன்னேன். அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், வாங்க வேண்டியதுதான். ஒச்சம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், இந்தத் தடவை கவுன்டருக்கே. பதினோரு லாட்ஜில் ஆறு மட்டும்தான் எங்களுக்கு வந்தது. திங்கள்கிழமை பாய் நிலாவைப் பொறுப்பாகப் போட்டார். மாடிப்படி ஏற எனக்கு முகம் இல்லாமல்தான் இருந்தது, ஏறினேன்.

ஒச்சம்மாள் இப்போது ஏதாவது சந்தேகம் என்றால் போன் போடுகிறாள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நிலாவுக்குத்தான்.

நிலா பொறுப்புக்கு வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை சீட்டுக் கொடுத்தாள். வலது கையாலேயே எழுதினேன், ஓரத்தையும் கிழித்தேன். அவள் மற்றவற்றைப் படித்து முடித்து என்னுடையதை எடுத்தாள். எடுத்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு எப்போதும் போல அதே குரலில் படித்தாள்.

"எனக்கு நிலாவைப் பார்த்தால் வயிறு எரிகிறது."

ஆனந்த்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பவுல்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நிலா சீட்டை 'இடிச்சது' என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டினாள். சுவரைப் பார்த்து, "இதுக்கு அடுத்த வாரம் என்ன மாத்திப் பாக்கலாம்?" என்று கேட்டாள். கேட்கும்போது குரல் லேசாக உடைந்தது.

நாலு பேரும் உண்மையாகவே யோசித்தோம். அலாரம் அடிக்கும்வரை யோசித்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய சட்டப்படி, வழி கிடைக்காத சீட்டைக் கழற்றக் கூடாது. ஒன்றரை வருஷம் ஆகிறது, அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது.